கோணல் முகத்து ஸ்டேஷன் மாஸ்டர்

ஜனவரி 12, 1959

காலையிலிருந்து மூடுபனி. ஆற்றின் எதிர்க்கரை தெரியவில்லை. நாள் முழுதும் ஒத்திகை.

புது நாடகத்தில் நான் ஒரு குட்டி ரயில் நிலையத்தின் ஸ்டேஷன் மாஸ்டர். எக்ஸ்பிரஸ் வண்டி என் நிலையத்தில் நிற்காது. ஒரு நாளாவது அதை நிறுத்திக் காட்டுகிறேன் பார் என்று நான் அடிக்கும் கூத்துதான் கதை. இரண்டாம் அங்கத்தில் வழக்கம்போல இடது புருவத்தைத் தூக்கினேன். இருட்டுக்குள்ளிருந்து இயக்குநர் ஹோட்ஸின் குரல் வந்தது: "பால்ட்ஸ், அந்தப் புருவத்த இருபது வருஷமா பாத்தாச்சுய்யா. வேற ஏதாவது சரக்கு இருக்கா உங்கிட்ட?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

இருக்கிறதா? ஐம்பத்தோரு வயது. கிளாரஸ் பள்ளத்தாக்கில் நூல் ஆலைக் குமாஸ்தாவாகக் கிடந்தவனை மேடைக்கு இழுத்து வந்ததே இந்தப் புருவம்தான். அதை எடுத்துவிட்டால் பால்ட்ஸ் நீடரர் என்று மிச்சம் என்ன இருக்கும்?

ஜனவரி 29

காலையில் காப்பி குடித்தேன். இடது கடைவாய் வழியாக வழிந்து சட்டையெல்லாம் ஆகிவிட்டது. எல்ஸ்பெத் சிரித்தாள். "காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?" துடைத்துக்கொண்டு மறுபடி குடித்தேன். மறுபடி வழிந்தது. அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். முப்பது வருஷமாக நான் அவளை இப்படிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அவள்மேல் தப்பே இல்லை.

"எல்ஸ்பெத், நான் விளையாடல" என்று சொன்னேன். வார்த்தை குழறி வந்தது. அப்போதுதான் அவள் என் இடது கண்ணைப் பார்த்தாள். நான் இமைத்தபோது அது இமைக்கவில்லை.

ஜனவரி 30

முக நரம்பு வீங்கிவிட்டதாம். காரணம் தெரியாதாம். சில வாரத்தில் சரியாகலாம், சில மாதமாகலாம், ஆகாமலும் போகலாம். வாரம் மூன்று முறை மின்சார சிகிச்சை, தினமும் கண்ணாடி முன்னால் பயிற்சி — விசிலடி, கன்னத்தை உப்பு, புருவத்தைத் தூக்கு.

புருவத்தைத் தூக்க வேண்டுமாம்! டாக்டர் சிரிக்காமல் சொன்னார். நல்ல மனுஷன், நாடகம் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 5

ப, ம இரண்டும் உதட்டில் நிற்கவில்லை. என் பெயரையே என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஹோட்ஸிடம் போனேன். ஜன்னல் பக்கம் திருப்பி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். குதிரை வாங்குகிறவன் பார்ப்பதுபோல. "பேசாம மேடை ஏறு. டிக்கெட் வித்தாச்சு. வாய் குழறினா ஸ்டேஷன் மாஸ்டர் குடிச்சிருக்கான்னு நெனச்சுக்குவாங்க."

பிப்ரவரி 15

நேற்று முதல் காட்சி.

உள்ளே நுழைந்து தொப்பியைக் கழற்றினேன், அவ்வளவுதான். வசனம் பேசவில்லை. அரங்கம் வெடித்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டதில்லை. முன்வரிசையில் ஒரு கனவான் மூச்சு முட்டி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். கொம்பை ஊதினேன், காற்று பக்கவாட்டில் போனது — மறுபடி வெடி. காப்பி வழிந்தது, பேப்பரால் துடைத்தேன். விசில் ஊத முடியாமல் நிஜமாகவே தவித்தேன். கைதட்டல்!

திரை விழுந்ததும் ஹோட்ஸ் கட்டிப்பிடித்தார். "எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்த இத?"

எல்ஸ்பெத் வாசலில் கோட்டோடு நின்றாள். வீடு வரும்வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

பிப்ரவரி 16

நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லையே.

பிப்ரவரி 27

பத்திரிகைகள் 'நீடரரின் புது முகமூடி' என்று எழுதுகின்றன. உடல்மொழியில் நான் ஒரு புதிய எல்லையைத் தொட்டுவிட்டேனாம். மார்ச் முழுக்க இடமில்லை.

எல்ஸ்பெத்திடம் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு ரோஸ்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அவங்க சிரிக்கிறது ஒரு நோயப் பாத்து. ஒனக்கு அது புரியுதா, புரியாத மாதிரி நடிக்கிறியா?"

"சிரிப்பு சிரிப்புதான். எதுக்கு வருதுன்னு அதுகிட்ட யார் கேட்டா?"

"முந்தியெல்லாம் நீதான் கேப்ப. ஒவ்வொரு சிரிப்புக்கும் ராத்திரி பூரா ஒக்காந்து கேப்ப."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ரோஸ்டி நன்றாக முறுகியிருந்தது. சாப்பிட்டிருக்கலாம்.

மார்ச் 9

மியூனிக்கிலிருந்து ஒரு பட முதலாளி வந்து நாடகம் பார்த்தார். மூன்று படம். மூன்றிலும் இதே முகம். ஜூனில் ஆரம்பம். கிளம்பும்போது விளையாட்டாகக் கேட்டார்: "இது அதுக்குள்ள சரியாயிடாதே?"

நான் சிரித்தேன். வலது பக்கம் மட்டும்.

மார்ச் 20

இன்று சிகிச்சைக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. ஏரிக்கரையில் உட்கார்ந்து அன்னப்பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சிகிச்சை முடியும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். "எப்படி இருந்துச்சு?" என்றாள். "பரவால்ல" என்றேன்.

மார்ச் 25

சவரம் செய்யும்போது இடது புருவம் துடித்தது. மெல்ல, தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் விரல் அசைவதுபோல.

பயந்துபோனேன். சந்தோஷப்படாமல் பயந்துபோனேன்! சோப்பு நுரையோடு நின்று கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். சீ, என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 2

கடைத்தெருவில் டாக்டர் எல்ஸ்பெத்தைப் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர் ஏன் வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே பேசினாள். "தெனமும் ராத்திரி நீ தூங்கினதும் அந்தக் கண்ணுக்கு மருந்து விட்டு மூடி, பஞ்சு வச்சு ஒட்டுறேன். எப்ப சரியாகும்னு ஏங்கிட்டே ஒட்டுறேன். நீ பகல்ல அது சரியாயிடக் கூடாதுன்னு ஏரிக்கரையில ஒக்காந்திருக்க."

"மூணு படம், எல்ஸ்பெத்! இந்த வயசுல எவனுக்குக் கெடைக்கும்?"

"கெடைக்கட்டும். அந்த மொகத்தோட நீயே குடும்பம் நடத்து."

ராப்பர்ஸ்வீலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். கண்ணை நானே ஒட்டிக்கொண்டேன். கோணலாக ஒட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் 11

எழுதித்தான் ஆக வேண்டும்.

மதியக் காட்சி முடிந்தது. பின்வாசலில் ஒரு அம்மாள் காத்திருந்தாள். பழுப்புக் கோட்டு, கையில் காய்கறிப் பை. பெயர் இம்ஹோஃப், ஓர்லிகானில் வீடு என்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க ஐயா. ஒண்ணு கேக்கணும். யாரைப் பாத்து அந்த மொகத்தப் படிச்சீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு அப்படியே அதே மாதிரி. டிராம்ல கண்டக்டரா இருந்தாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டதும் ஜனங்க பாக்குற பார்வை தாங்காம வேலைய விட்டுட்டாரு. வாசப்படி தாண்டறதில்ல. நீங்க டிராம்ல அவரப் பாத்துத்தானே படிச்சீங்க? காப்பி வழியறது, பேப்பரால தொடைக்கிறது... எல்லாம் அவருதான்." பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சுட்டேன் ஐயா. அடக்கவே முடியல. இப்ப வீட்டுக்குப் போயி அவரு மொகத்த எப்படிப் பாப்பேன்?"

நான் விளக்கடிக்கு நகர்ந்து நின்றேன். "அம்மா, வேஷத்தக் கலச்சுட்டேன். இதுதான் என் மொகம்."

அவள் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 12

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14

மியூனிக்குக்கு முடியாது என்று தந்தி கொடுத்தேன். பிறகு ஹோட்ஸிடம் போனேன். சிகிச்சையைத் தொடரப்போகிறேன், முகம் எப்படித் திரும்பி வருகிறதோ அதை வைத்துத்தான் இனி நடிப்பேன், அதுவரை மேடை ஏற மாட்டேன் என்றேன்.

"பைத்தியமாய்யா உனக்கு? திரும்பி வந்தா என்ன வரும்? அதே பழைய புருவம்தானே வரும்!"

"வரட்டும்."

"நம்ம குழுவுல சின்னப் பையன் ரூடி இருக்கான். அவனப் போட்டுக்குவேன்."

"போட்டுக்கோங்க."

படி இறங்கி வந்தேன். இருபது வருஷம் ஏறி இறங்கின படி.

ஏப்ரல் 25

டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ரூடி கன்னத்தில் பசை நாடா ஒட்டி வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தான். காப்பி வழிந்தது, பேப்பரால் துடைத்தான்.

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. பையன் அவ்வளவு நன்றாகச் செய்கிறான்.

இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். நானே சிரித்த பிறகு, சிரித்தவர்களில் யார்மேல் கோபப்படுவது?

மே 10

ராப்பர்ஸ்வீல். எல்ஸ்பெத்தும் நானும் கோட்டைக்குக் கீழே ஏரி ஓரமாக நடந்தோம். இம்ஹோஃப் அம்மாளைப் பற்றிச் சொன்னேன். ரூடியைப் பார்த்து நான் சிரித்ததையும் சொன்னேன்.

ரொம்ப தூரம் நடந்த பிறகு அவள் சொன்னாள்: "அன்னிக்குக் காலையில காப்பி வழிஞ்சப்போ மொதல்ல சிரிச்சவ நான்தான். அது இன்னும் உறுத்துது."

"நான் அப்பவே மன்னிச்சாச்சு."

"நீ மன்னிச்சா? என்ன நானே மன்னிக்க வேணாமா?"

என் கையைக் கோத்துக்கொண்டாள். மாலை ரயிலில் இரண்டு பேருமாக வந்தோம்.

ஜூன் 21

ஓர்லிகான். இம்ஹோஃப் அம்மாள்தான் கூப்பிட்டாள். அவள் கணவர் யோஸ்ட் சமையலறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், "நடிகரா? பாத்துப் படிச்சுக்கலாம்னு வந்தீங்களா?" என்றார்.

சூப் வந்தது. இரண்டு பேரும் கழுத்தில் துணி கட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் வழிந்தது, எனக்குக் கொஞ்சம், அவருக்கு நிறைய. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குக் கண்ணு மூடுது."

"ஆமா. இப்பத்தான் ஒரு வாரமா."

"எனக்கு நாலு வருஷமாச்சு. இனிமே மூடாதுன்னுட்டாங்க."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கிளம்பிவிடலாமா என்றிருந்தது. அவர் அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார். "ஜாஸ் சீட்டு ஆடுவீங்களா? ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு எடது பக்கம் ஒக்காந்தா ஜெயிக்க முடியாது. அந்தப் பக்கம் எதையுமே காட்டிக்கொடுக்காது."

இந்த வருஷத்தில் நான் கேட்ட முதல் நல்ல நகைச்சுவை. மூன்று ஆட்டமும் தோற்றேன்.

செப்டம்பர் 3

முகம் முக்கால்வாசி வந்துவிட்டது. புருவம் மட்டும் பாதி ஏறி, அங்கேயே யோசித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. டாக்டர் இதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார்.

எந்த நாடகக் குழுவும் கூப்பிடவில்லை. வானொலியில் ஞாயிறு மதியம் ஒரு சிரிப்பு நாடகம் — அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாள், துணி துவைக்கும் அறையின் சாவியை யாருக்கும் எளிதில் தராதவன். ஆள் தேடுகிறார்களாம். முகமே இல்லாத வேடம்! குரல் பரிசோதனைக்கு முன்னால் கழிப்பறையில் நின்று ப, ம, ப, ம என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த யாரோ, "ஐயா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

செப்டம்பர் 5

எடுத்துக்கொண்டார்கள். எல்ஸ்பெத் அழுதாள். நான் ஏன் அழவில்லை?

அக்டோபர் 18

மூன்று வாரமாகிவிட்டது. ஒலிவாங்கி முன்னால் நின்று பேசுகிறேன், எதிரே ஒரு கண்ணாடி, அதற்குப் பின்னால் காதை மூடிய ஒரு மனிதர். அவர் சிரிப்பதே இல்லை. வீடுகளில் சிரிக்கிறார்களா? யாருக்குத் தெரியும்? இருட்டில் கல் எறிவதுபோல இருக்கிறது. தூங்க முடியவில்லை.

நவம்பர் 22, ஞாயிறு

போன வாரமே பதிவு செய்த பகுதி என்பதால் இன்று எனக்கு விடுமுறை. அதைக் கேட்க ஓர்லிகானுக்குப் போனோம். இம்ஹோஃப் அம்மாள் வெங்காய அடை சுட்டிருந்தாள். வானொலிப் பெட்டி அலமாரிமேல். நான் பெட்டியைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவலாள் ஒரு கிழவியிடம் சாவியைக் கொடுக்காமலிருக்க, வண்ணான் தொழிலின் வரலாற்றையே சொல்ல ஆரம்பிக்கும் இடம் வந்தது. ஒரு விசித்திரமான ஓசை கேட்டது. கெட்டில் கொதிக்கிறது என்று நினைத்தேன். யோஸ்ட். மூடாத கண்ணிலிருந்து நீர் வழிய, மேசையைக் கையால் தட்டிக்கொண்டு சிரித்தார். "எங்க கட்டடத்துக் காவக்காரன் இவனேதான்! அவனேதான்யா!" அவர் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள்.

நாங்கள் கிளம்பியபோது யோஸ்ட் தொப்பியைக் கேட்டார். அம்மாள் காதில் விழாததுபோல நின்றாள். "தொப்பி எங்கடி? டிராம் வரைக்கும் விட்டுட்டு வரேன்."

பகல் வெளிச்சம். நிறுத்தத்தில் நாலைந்து பேர். அவர் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரை வாய் வரை தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். டிராம் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "யோஸ்ட்? எங்கய்யா போய்த் தொலஞ்ச இத்தன வருஷமா? பொண்டாட்டி பூட்டி வச்சிட்டாளா?"

"நீ இன்னும் பிரேக்க இழுத்து இழுத்துத்தான் ஓட்டுறியா?" என்றார் யோஸ்ட்.

நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். வண்டி தாமதமாகத்தான் கிளம்பியது. உள்ளே யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.