திரையில் தெரியாத கை

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் குட்டியும் நலம். உன் உடம்பும் வேலையும் சீராக இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். மனம் பதறிக்கிடக்கிறது. சொல்ல வேண்டியதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன், இல்லாவிட்டால் பயத்தில் எதையாவது விட்டுவிடுவேன்.

1. செவ்வாய்க்கிழமை பயிற்சியில் நடந்தது.
2. அதில் என் குற்றம்.
3. நான் தாங்காமல் குட்டியால் வலது கையைத் தூக்க முடியாது என்பது.

மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்கு ஃபோனிலேயே பயிற்சி கொடுக்கும் நம் டாக்டரம்மா, செவ்வாயன்று திடீரென்று ஃபோனை இரண்டடி தள்ளி வைக்கச் சொன்னார். வைத்தேன். பிறகு, ஏழு வாரமா நான் யாரோட கையைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் ஐயா என்று கேட்டார். குட்டியின் முழங்கைக்கு அடியில் என் உள்ளங்கை இருப்பதை அப்போதுதான் நானே திரையில் பார்த்தேன். முதல் வாரம் கை எழும்பாமல் அவள் அழுதபோது ஒரு விரல் மட்டும் கொடுத்தேன், அந்த விரல் எப்போது முழுக்கையானது என்று சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் தினமும் தேதி போட்டு, தோள்வரை தூக்கினாள் என்று நோட்டில் எழுதியவன் நான்தான். அதை நம்பித்தான் அவர் கைக்குக் கட்டும் பட்டையை நிறுத்தினார், அதை நம்பித்தான் நீ அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தாய். முப்பது வருடம் தேர்வறையில் பிட் பிடித்தவன் நான். குட்டி வேறு, தாத்தா காப்பியடிச்சு மாட்டிக்கிட்டாரு என்று வாய் குழறச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஏழு வாரத்தைத் தின்றுவிட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டு இன்றைய பயிற்சிக்கு ஃபோன் முன்னால் உட்கார்ந்து எழுந்தேன். ஃபோனைக் குட்டிக்கு எதிரே மேசையில் சாய்த்து வைக்கச் சொல்லி, வலது கையால் திரையைத் தொடும்படி அவளிடம் சொன்ன டாக்டரம்மா, ஐயா நீங்க ரெண்டு கையையும் தலைமேல வெச்சுக்கங்க என்றார். வைத்துக்கொண்டேன். குட்டி நாக்கைக் கடித்துக்கொண்டு முக்கினாள், பார்க்கமாட்டாமல் கண்ணை மூடினேன். திறந்தபோது டாக்டரம்மாவைக் காணோம். சிக்னல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். குட்டியோ, நான்தான் கட் பண்ணினேன் என்றாள். அவளுடைய வலது சுட்டுவிரல் திரையில் அழைப்பைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. மேசையிலிருந்து நாலு விரற்கடை உயரம் இருக்கும், தோள்வரை அல்ல. என் கைகள் அப்போதும் தலைமேல்தான் இருந்தன.

நீ நீண்ட ஆயுளோடு நலமாக இரு அம்மா, நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னிடம் விசாரிக்காதே, அவளையே கையைக் காட்டச் சொல். மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அதை நீயே கோடு போட்டு அடித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா