அனுப்பாமல் வைத்திருக்கும் மடல்

டூ ஹார்பர்ஸ், மின்னசோட்டா
மார்ச், ஞாயிறு மதியம்

அன்புள்ள கார்வினுக்கு,

வெர்னா எழுதுவது. நீயும் உன் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிருக்கிறது, தொலைபேசியை நீ எடுப்பதில்லை. உன் அம்மாவைப் பிடித்துத்தான் இந்த முகவரியை வாங்கினேன். கொடுக்கும்போதே, "கேஸைப் பத்தி மட்டும் அவன்கிட்ட ஒண்ணும் கேட்டுடாதீங்க, வாயத் திறந்தா அவனுக்குத்தான் கெடுதல்" என்றார். கேட்க மாட்டேன். கடைசியில் ஒரே ஒரு விஷயம் கேட்பேன். அதற்கும் நீ வாயைத் திறக்காமல் பதில் சொல்ல ஒரு வழி வைத்திருக்கிறேன்.

ஏரி இன்னும் இறுகித்தான் கிடக்கிறது. இந்த வருஷம் தாதுக் கப்பல்கள் தாமதமாகத்தான் வரும் என்கிறார்கள். ஆர்லனின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன், துறைமுகம் தெரியும்படி. கை கால், பேச்சு போனதுபோல் கழுத்தும் இப்போது நிற்பதில்லை. மூச்சுக்குத் தொண்டையில் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார், இவர் வேண்டாம் என்றுவிட்டார். சண்டை போட்டுப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே இவரை. கண்கள் மட்டும் பழையபடி இருக்கின்றன, முறைப்பதற்கும் சேர்த்து.

நீ இங்கே தங்கியிருந்தபோது பொருத்திக் கொடுத்தாயே, அந்தக் கணினி ஜனவரியில் போய்விட்டது. அதோடு, நீங்களெல்லாம் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்த மென்பொருள், அந்தப் பழைய நாரையும் போயிற்று. திரையில் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அது விழும், இரண்டு எழுத்து விழுவதற்குள் சொல் முழுதும் வந்து நிற்கும். என் பெயரில் முதல் எழுத்தைப் பார்த்தாலே "வெர்னா, காபி ஆறிப் போச்சு" என்று ஒரு வரி தயாராக இருக்குமே, நினைவிருக்கிறதா? இவருடைய பேச்சைக் கேட்டுக் கேட்டு அது இவரைப் போலவே ஆகியிருந்தது. நீ சிரித்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேர் சண்டையையும் இதுவே போட்டுடும், நீங்க போய்த் தூங்கலாம்" என்றாய்.

இப்போது புதுக் கணினியில் இருப்பது வழக்குக்குப் பிறகு வந்த நாரை. அடுத்த சொல்லை ஊகிக்கும் பகுதி அதில் கிடையாது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வேண்டும். போர்ச்சுகலில் ஒருவர் பழைய பிரதி ஒன்றை வைத்திருக்கிறேன், யாருக்கும் தெரியாமல் அனுப்புகிறேன் என்றார். நான் உடனே சரி என்றேன். ஆர்லன் விடவில்லை. "கார்வின் கையெழுத்துப் போட்டு நிறுத்தினத, நாம திருட்டுத்தனமா ஓட்டுறதா?" என்று கேட்டார். அதை எழுதி முடிப்பதற்குள் நான் சூப்பை இரண்டு தடவை சூடு பண்ணிவிட்டேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

நாரையை எழுதியவர்களும் பயன்படுத்துகிறவர்களும் பேசிக்கொள்ளும் உங்கள் மடற்குழுவைப் பற்றி உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவருக்காக நான்தான் தினமும் திறந்து படிக்கிறேன். ஒருகாலத்தில் அங்கே என்ன சத்தம்! ஒரு பொத்தானின் நிறத்துக்காக ஒரு வாரம் அடித்துக்கொள்வீர்கள். இப்போது யாராவது ஒரு சந்தேகம் கேட்டால், "இத இங்க பேசாதீங்க, வக்கீல் படிப்பான்" என்று ஒரு பதில் வரும். பிறகு மயான அமைதி. பாதிப் பேர் தங்கள் பெயரைக் கூட எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் ஹென்ரிக், "கார்வின் விலை போயிட்டான், நம்ம எல்லாரையும் வித்துட்டு வாய மூடிக்கிட்டான்" என்று எழுதினான். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டிய நீ மறுக்க முடியாத இடத்தில் இருக்கிறாய். அன்றைக்கு அதை ஆர்லனுக்குப் படித்துக் காட்டியிருக்கக் கூடாது. படித்துத் தொலைத்தேன்.

வழக்குக்கு முன்னால் தான் அங்கே போட்ட அந்தப் பழைய மடலைத்தான் இவர் விடாமல் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் கூட்டத்தின் வழக்கம் ஒன்று உண்டே, தனியாக யாரும் யாருக்கும் எழுதக் கூடாது, எதுவானாலும் உலகறியப் பொதுவில்தான் என்று. இவருக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. துறைமுகத்தில் தொழிற்சங்கக் கூட்டமும் அப்படித்தான் நடத்தியவர். அதனால்தான் அன்றைக்கு எங்கேயோ கண்ணில் பட்ட அந்தக் காப்புரிமையைப் படித்துவிட்டு, "பசங்களா, இதுல நாலாவதா எழுதியிருக்கிறது அப்படியே நம்ம நாரை செய்யறதுதான். யாராவது பாத்தீங்களா?" என்று பொதுவில் போட்டார். நீயும் பொதுவிலேயே, "பாத்தேன். அடுத்த வார்த்தைய ஊகிக்கிறதுக்கெல்லாம் ஒருத்தன் பட்டா வாங்க முடியுமா? வேலையப் பாருங்க" என்றாய். வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள். நீங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கும் இடத்தில் எழுதி, பத்திரமாக வேறு வைத்திருந்தீர்கள்.

வழக்குப் போட்ட அந்த டெக்சாஸ் கம்பெனி ஒரு பொத்தான்கூடச் செய்து விற்றதில்லை. காப்புரிமைகளை வாங்கி வைத்துக்கொண்டு வழக்குப் போடுவதுதான் அதன் பிழைப்பு. அவர்களுக்கு அந்த இரண்டு வரி போதுமாக இருந்தது. காப்புரிமை இருப்பது தெரியாமல் செய்தால் நஷ்டஈடு ஒரு மடங்கு, தெரிந்தே செய்தால் மூன்று மடங்கு. இலவசமாகக் கொடுத்த ஒன்றுக்கு மூன்று மடங்கு என்றால் எவ்வளவு என்று நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு ஆர்லனுக்குச் சம்மன் வந்தது. வீட்டுக்கே காமிராவோடு வந்து வாக்குமூலம் எடுப்பார்கள், நாள் முழுக்க. அவர்களுடைய வக்கீல் தொலைபேசியில் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், சாட்சி பேசறப்ப அந்த ஊகிக்கிற வசதிய அணைச்சு வெச்சிடணும். மெஷின் எடுத்துக் குடுத்த வார்த்தைய அவரோட வார்த்தைன்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?" என்றார். இவருக்கு எழுத்து எழுத்தாகத்தான் வரும், பாதி நாளில் கண்ணில் தண்ணீர் கொட்டி ஒன்றுமே தெரியாமல் போகும் என்றேன். காத்திருக்கிறோம் என்றார். அன்று மாலையே உன்னைக் கூப்பிட்டு அழுதேன்.

அவர்கள் வருவதாக இருந்ததற்கு முந்தின நாள் எல்லாம் ரத்து என்று கடிதம் வந்தது. ஊகிக்கும் பகுதியை எடுத்துவிடுகிறேன், வழக்கைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று நீ அந்தக் கம்பெனியோடு சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்ட தேதியும் அதுவே என்று பிறகு செய்தியில் பார்த்தோம். நான் ஒன்றும் கேட்கவில்லை கார்வின். எனக்குத் தேதி பார்க்கத் தெரியும், அவ்வளவுதான். நீ இப்போது மரக்கடையில் பலகை ஏற்றுகிறாய் என்று அம்மா சொன்னார். கணினிப் பக்கமே போவதில்லையாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிப்ரவரி முழுக்க ஆர்லன் ஒரு மடல் எழுதினார். மடற்குழுவுக்கு. அதில் இருப்பது இவ்வளவுதான்: "அந்தக் காப்புரிமையைப் பற்றிப் பொதுவில் எழுதியது நான். கார்வின் மாட்டிக்கொண்டது என் வாயால்தான். நான் நாள் முழுக்க அந்தக் காமிராவுக்கு முன்னால் கிடக்கக் கூடாது என்றுதான் அவன் விட்டுக்கொடுத்தான் என்று நம்புகிறேன். அவனைத் திட்டுகிறவர்கள் என்னைத் திட்டுங்கள். நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை." ஒவ்வொரு எழுத்தும் இவர் கண்ணால் போட்டது. எந்த மெஷினும் எடுத்துக் கொடுக்கவில்லை.

உள்ளூர் வக்கீலிடம் காட்டினேன். "அவருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அந்தப் பையன்தான் ஒப்பந்தத்த மீறி இவருக்குச் சொல்லிக் கொடுத்தான்னு கம்பெனிக்காரங்க கிளப்பிவிட்டாங்கன்னா, அது அவன் தலையில விடியும்" என்றார். அதனால் மடலை நான் அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஆர்லனிடம் இதைச் சொல்லவில்லை. இணையம் சரியில்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருஷம் என் பொய் ஒன்றுகூட இவரிடம் நின்றதில்லை, இது எப்படி நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.

உனக்குக் கெடுதல் வரும் என்றால், ஒன்றும் எழுதாத ஒரு அட்டையை அனுப்பு. மடலை அப்படியே வைத்துவிடுவேன், உன்மேல் துளி வருத்தம் இருக்காது. அனுப்பலாம் என்றால், உங்கள் ஊர் ஆற்றில் பனி உடைந்துவிட்டதா என்று மட்டும் எழுது. பனியைப் பற்றி எழுதக் கூடாது என்று எந்த ஒப்பந்தத்திலும் போட்டிருக்க மாட்டார்கள். முடிந்தால் நீயே வா. கட்டில் இருக்கிறது, காபி இருக்கிறது.

எதுவானாலும் சீக்கிரம் செய், தம்பி. போன வாரம் வரை தினமும் காலையில் "அனுப்பிட்டியா?" என்று முழுதாகக் கேட்பார். இந்த வாரம் வெறும் கேள்விக்குறி மட்டும் போடுகிறார்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
வெர்னா சோர்வாரி