பெயர் தெரியாத மாமரம், மூன்று ஒட்டு

ஜூன் 3, செவ்வாய்
விடியற்காலையிலிருந்து மழை. லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நிற்கும் மாமரத்தை வியாழக்கிழமை வெட்டுகிறார்கள். வேர் சாக்கடையை உடைக்கிறதாம். வயிற்றெரிச்சல். பதினான்கு வருடமாக அதன் பழத்தைப் பொறுக்கித் தின்கிறேன். சின்னப் பழம், ஒரே நார், ஆனால் கொட்டை ஓரம் தேன். என்ன ரகம்? தேக்கா மார்க்கெட்டில் கடை கடையாகக் கேட்டாயிற்று. ஒருவருக்கும் தெரியவில்லை.

கொட்டை போட்டால் அதே பழம் வரும் என்பது நிச்சயமில்லையாம். ஒட்டுக் கட்டினால்தான். இரண்டு மணி நேரம் வீடியோ பார்த்தேன். காரிடார் தொட்டிகளில், ஏதோ கொட்டையில் முளைத்த மாங்கன்றுகள் மூன்று. ஆக, மூன்று வாய்ப்பு.

வாங்க: பிளேடு, கட்டுவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் கவர், மீன்.

ஜூன் 5, வியாழன்
லீவு. "மரத்துக்கா லீவு? என்ன சொல்லிப் போட்ட?" என்றார் வீட்டுக்காரர். வயிற்றுவலி என்று.

மரம் வெட்ட வந்தவர்களில் ஒருவர் புதுக்கோட்டைக்காரர். விழுந்த கிளையில் குச்சி கேட்டேன். "பென்சில் மொத்தத்துக்கு எடுங்கக்கா. நுனி மொட்டு பருத்திருக்கணும், விரிஞ்சிருக்கக் கூடாது." அவரே தேடிக் கொடுத்தார். "கட்டிட்டு கவரப் போட்டு மூடிடுங்க. மூணு வாரம் தொறக்காதீங்க. தொறந்தா போச்சு."

கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி சீவிச் செருகி, இறுக்கிக் கட்டி, மேலே கவரும் மாட்டியாயிற்று. மூன்றுக்கும். கட்டைவிரலில் வெட்டு. ஜன்னலில் இப்போது எதிர் புளோக் தெரிகிறது. இனி குச்சிக்கு எங்கே போவேன்?

ஜூன் 10
வெயில். உள்ளே என்னதான் நடக்கிறது? இரண்டு தண்டும் எப்படி ஒன்றாகும்? ஒரே ஒரு தடவை என்று முதல் கன்றின் கவரைத் தூக்கினேன். கட்டையும் லேசாகத் தளர்த்தினேன். குச்சி கையோடு வந்துவிட்டது. சே! என் கையை உடைக்க வேண்டும்.

ஜூன் 19
இரண்டாவது துளிர்த்துவிட்டது! கவருக்குள் பச்சையாக ஏதோ. அக்காவுக்கு, தங்கைக்கு, என்னோடு கிளினிக் கவுன்டரில் இருக்கும் மாலாவுக்கு, எல்லாருக்கும் போட்டோ. கேசரி கிண்டினேன். சீனி கூடிவிட்டது.

ஜூன் 21
வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார். "இது கட்டுக்குக் கீழேருந்துல்ல வருது?"

ஆமாம். அது கன்றின் சொந்தத் துளிர். மேலே நான் செருகிய குச்சி கறுத்துக் கிடக்கிறது. கேசரி வேறு. வெட்கமில்லாமல் அழுதேன்.

மூன்றாவதை அவர் தூக்கிப்போய் மீன்தொட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "உன் கை சும்மா இருக்காதுலா. இனி நான் பாத்துக்கிறேன்."

ஜூன் 27, வெள்ளி
கிளினிக்கில் சரியான கூட்டம். பதினொரு மணிக்கு அவர் போன்.

"துளிர் வந்திருக்கு."

"மேலயா, கீழயா?"

"இரு, கண்ணாடியக் காணோம்."

கவுன்டர் முன்னால் ஒரு ஆன்ட்டி அட்டையை நீட்டியபடி நிற்கிறார்.

"மேலதான். நல்லாப் பாத்துட்டேன், மேலதான்லா."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆன்ட்டி பதறிவிட்டார். "என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. பொழச்சுக்கிச்சு."