"பவர் கூடியிருக்கும்" என்றவருக்கு

என்னங்க, இரண்டாவது தடவை ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளப் போகிறேன். குழம்பு அடுப்பின்மேல் இருக்கிறது, சாவி செருப்பு அலமாரியில். கோபத்தை மட்டும் கையோடு கொண்டு போகிறேன்.

நேற்றுக் காலை பல் தேய்க்கும்போது இடது கண் விளக்கணைத்த மாதிரி இருண்டது. இருபது வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்தும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பவர் கூடியிருக்கும், சாயங்காலம் கடைக்கு வா." மாடி வீட்டு நர்ஸ்தான் பதறினாள்: "ஒரே நிமிஷத்துல இருட்டினா அது பவரா? கண்ணுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கும்க்கா, செருப்பை மாட்டுங்க!"

சாயங்காலம்வரை காத்திருந்தால் அந்தக் கண் போனதுதான் என்றார் டாக்டர். காற்றழுத்தம் ஏற்றிய அறைக்குள் ஆக்சிஜன் முகமூடி மாட்டி இரண்டு மணி நேரம் படுக்கவைத்தார்கள். வெளியே வந்ததும் டாக்டரின் கை அசைவது அந்தக் கண்ணுக்கு நிழலாகத் தெரிந்தது. அதைச் சொல்ல ஓடிவந்தால், "வெறும் காத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஜன்னலைத் திறந்தா வருமே!" என்று சிரிக்கிறீர்கள்.

அந்த அறைக்குள் தலையில் எண்ணெய் கூடாதாம், தீப்பிடிக்குமாம். அதனால் பரட்டைத் தலையோடு போகிறேன். எதிர் வீட்டம்மா கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், பவர் கதை வேண்டாம். அவர்கள் வீட்டில் இன்று புது சோபா இறங்குகிறது. என்ன நிறம், யார் வாங்கிக் கொடுத்தது, விசாரித்து வையுங்கள்.

பி.கு.: இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் பலிக்காதாம். நீங்கள் சிரித்ததால் நேற்றே சொல்லவில்லை. பதினோரு மணிக்கு வெளியே விடுவார்கள், கடையைப் பூட்டிவிட்டு வாருங்கள்.

தெருவில் ஒருவரிடமும் சொல்லாத செய்தி: எனக்குப் பயமாக இருக்கிறது.