பச்சை வெளிச்சத்துல கழலாது

புனே
செவ்வாய், காலை

அன்புள்ள அம்மாவுக்கு அருள்மொழி எழுதறது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி கம்மியாச்சா? இன்னும் கரும்பு வெட்டப் போய்க்கினுதான் இருக்கியா?

போன்ல சொன்னா நான் கத்திடுவேன்னு எழுதறேன். பயப்படாத, சின்ன சண்டைதான். இங்க ஆராய்ச்சிக் கூடத்துல என் வேலை இதுதான்: ஒரு அணுவுல எலக்ட்ரான் ஒண்ணு ஜாஸ்தியா ஒட்டிக்கினு இருந்தா அது எதிர்மின் அயனி. அதுமேல லேசர் அடிச்சா அந்த எலக்ட்ரான் பிச்சுக்கினு பறக்கும். அதோட வேகத்தை வெச்சு, எவ்ளோ இறுக்கமா ஒட்டியிருந்துச்சுன்னு கண்டுபிடிக்கலாம். நாலு மாசம் நான் ஒருத்தியே அளந்தேன். நேத்து கூட்டத்துல எங்க சீனியர் அதைத் தன் பேர்ல காட்டறான்! எனக்குப் பத்திக்கினு வந்துச்சு.

எழுந்து, "எந்த லேசர்ல அளந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"பச்சை"ன்னான்.

"பச்சையில அந்த எலக்ட்ரான் கழலவே கழலாது. நான் அடிச்சது புற ஊதா"ன்னு என் நோட்டைத் திறந்து வெச்சேன்.

பேராசிரியர், "பொறுமையா பேசும்மா"ன்னார். "திருடினவரைப் பொறுமையா இருக்கச் சொல்லுங்க சார்"னேன். நோட்டைப் பார்த்துட்டு, அங்கேயே என் பேரைப் போட வெச்சார். அவன் மன்னிப்புகூட கேக்கலம்மா. அவனுக்காக மத்தவங்களும் நேத்துலேருந்து என்கூட பேசல.

மிளகாத்தூள் அனுப்பு. தனியாதான் சாப்பிடறேன், கால் கிலோ போதும்.

லேசர் சூடாக அரைமணி ஆகும். அவன் வர்றதுக்குள்ள நான் மெஷின்ல உக்காந்திருக்கணும். கிளம்பறேன்.

உன் மகள்
அருள்மொழி