வெள்ளை வைனும் விளைமீன் சொதியும்

நேற்று மதியம், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் என் மருமகள் விளைமீன் துண்டுகளைச் சட்டியில் போட்டு, அதன்மேல் வெள்ளை வைனை ஊற்றினாள். புளிப்பும் மீன்வாசமும் கலந்து ஆவி எழுந்ததும் நான் குசினியை விட்டு வெளியே வந்துவிட்டேன். வந்தது அழுகையா சிரிப்பா என்று இன்னும் தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

சமாதான காலம் என்று சொன்னார்களே, அப்போதுதான் மன்னார் நகரில் நாமிருவரும் சாப்பாட்டுக்கடை போட்டோம். நீ சமைத்தாய், நான் பரிமாறினேன். கண்ணிவெடி அகற்ற வந்த வெள்ளைக்காரர்கள் மீனோடு வெள்ளை வைன் கேட்டார்கள். கொழும்புப் போத்தலின் விலை நமக்குக் கட்டாது. யாழ்ப்பாணத்தில் உன் சித்தி முந்திரிகைப் பந்தலில் பழுத்த திராட்சையின் தோலை நீக்கி, வீட்டிலேயே வடித்த வைனை நீ பஸ்ஸில் கொண்டுவந்தாய். மீன் வைக்கும் ஐஸ்பெட்டியில்தான் குளிரவைத்தோம். போத்தலெல்லாம் மீன் வெடுக்கு நாற்றம்.

முதலில் உறைப்பான மீன்கறியோடு குடித்துப் பார்த்தோம். வைன் வினாகிரி மாதிரி நாக்கைப் பிடித்தது. நான் போத்தலை மூடப் போனேன்.

"பொறு. பிழை வைனில இல்லை, கறியில. தூள் போடாமல் சொதி வைப்பம்" என்றாய்.

விளைமீன் தேங்காய்ப்பாலில் வெந்து வந்தது. நான் தேசிக்காயை எடுக்க, கையைப் பிடித்தாய். "அது வேண்டாம். புளிப்பை வைன் பாத்துக்கொள்ளும்."

ஒரு வாய் மீன், ஒரு மிடறு வைன். மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு மிடறு. பிறகு நீதான் வெடித்துச் சிரித்தாய்: "ஐயோ, கோயிலுக்குப் போற பொம்பிளையள் செய்யிற வேலையே இது!"

சண்டை மறுபடி தொடங்கியபோது, இலுப்பைக்கடவையில் தனியே இருந்த உன் அம்மாவைக் கூட்டிவரப் போனாய். "கெதியா வாறன். கடையைப் பூட்டிப்போடாதை" என்றாய். நீ போனபின் பாதையைத்தான் பூட்டினார்கள். அங்கிருந்த சனமெல்லாம் கிழக்கே இடம்பெயர்ந்து போனது.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அம்மாவைப் புதைத்த இடத்தில் நீ அழுதுகொண்டிருந்தாயாம். ஷெல் பட்டுச் செத்தாயாம். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றாயாம். நான் மூன்றையும் நம்பினேன்.

சில வருடங்கள் கழித்துக் கனடாவிலிருந்து உன் தம்பி தொலைபேசியில் பேசினான். உனக்கு ஆத்துமப் பூசை கொடுக்க வேண்டுமாம்.

"அக்கா, நீங்கள்தானே கடைசியாக் கண்டனீங்கள். செத்த நாளெண்டு எதைச் சொல்லுறது?"

"எனக்கெப்பிடித் தெரியும் தம்பி?"

"உங்களுக்கும் தெரியாட்டி நான் ஆரைக் கேக்கிறது?"

நீ பஸ் ஏறிய நாளைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் திடுக்கிட்டது. அன்றைக்கு நீ உயிரோடல்லவா இருந்தாய்! யன்னலால் கையாட்டினாயே!

பூசைக்கு வந்தவர்களுக்கு விளைமீன் சொதி வைத்தேன். வைன் இல்லை, உன் சித்தியும் எங்கேயோ போய்விட்டார். தேசிக்காயை வெட்டி வைத்துக்கொண்டு, பிழிந்து விடுவதா வேண்டாமா என்று நின்றேன். கடைசியில் பிழிந்தேன். எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் அது வேறு யாரோ வைத்த சொதிபோல் இருந்தது.

பயணம் போனவர்களுக்காகக் கோயிலில் மாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றுவோம். செத்தவர்களுக்காகச் சேமக்காலையில், கல்லறைகளின் நடுவே சிலுவையடியில். நான் உனக்காக இரண்டு இடத்திலும் ஏற்றுகிறேன். ஒருநாள் பங்குச் சுவாமி கண்டுவிட்டுக் கேட்டார்.

"ரெண்டும் ஒராளுக்கோ?"

"ஓம் சுவாமி."

அவர் சாய்ந்திருந்த திரியை நிமிர்த்திவிட்டுப் போனார்.

மாதாவின் முன்னால் முழந்தாளிடும்போது, சேமக்காலைத் திரி காற்றில் அணைந்திருக்குமோ என்று மனம் அங்கே ஓடுகிறது. எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். அது எரிந்துகொண்டிருந்தால் நிம்மதிப்படுவதா, அணைந்திருந்தால் நிம்மதிப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.