பதில் வராத விமானம்

ஜூன் 14, சனி

காலையிலிருந்தே புகைமூட்டம். தொண்டை எரிச்சல். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சமூக மண்டபத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு மேசை, ஒன்பது முதல் ஒன்று வரை. கொண்டுபோனவை: லேப்டாப், ஜாய்ஸ்டிக், ஒயர் சுருள், குழுவிலிருக்கும் மணியம் அச்சடித்த நோட்டீஸ் ஐம்பது. திரும்பி வந்த நோட்டீஸ் நாற்பத்தாறு.

ஒரு அம்மா மகளோடு நின்று, "இது என்னா ஆன்டி, கேமா?" என்றார். சொன்னேன்: ஞாயிறு மதியம் அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவோம். மற்றவர்கள் விமானிகள். நான் கன்ட்ரோலர், திரையில் எல்லா விமானத்தையும் பார்த்து, ஹெட்செட்டில் வழி சொல்பவள். மகள் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தாள்.

"சுட முடியாதா?"

முடியாது.

"அப்போ நேரா போய்க்கிட்டே இருக்கணுமா?"

ஆமாம் என்றேன். எழுந்துவிட்டாள். கல்லூரிப் பிள்ளைகள் மேசைப் பக்கமே வரவில்லை.

ஒரு காலத்தில் இருபத்து மூன்று பேர். இப்போது ஏழு. ஐம்பத்தொரு வயதில் நான்தான் இளையவள், ஆனாலும் எல்லோருக்கும் 'அக்கா'. புதிதாக யாரும் வந்து இரண்டு வருடம். போகிறவர்கள் சொல்லிக்கொண்டும் போவதில்லை. ஒரு ஞாயிறு வரமாட்டார்கள், அவ்வளவுதான். சலித்துப்போனதா, செத்துப்போனார்களா, தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

எழுத்து கோணல். நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

மதியம் நான்கு விமானிகள். சிவபாலன் அங்கிள் பினாங்கிலிருந்து சுபாங் விமான நிலையத்துக்கு. எழுபத்து நான்கு வயது, செமினியில் தனியாக இருப்பவர். ஆறு வருடமாகக் குரல் பழக்கம். முகம் பார்த்ததில்லை.

3.12. இறங்கச் சொன்னேன். கன்ட்ரோலர் சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஏதோ சொன்னார். "அங்கிள், மைக் சரியில்ல லா" என்று சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

அதற்குப் பிறகு பதில் இல்லை. ஆறு தடவை கூப்பிட்டேன். பாத்ரூம் போயிருப்பார் என்று நினைத்தேன். இப்படியே இருபது நிமிடம். திரையில் அவர் விமானம் சுபாங்கைத் தாண்டியது. உயரம் குறையவில்லை. நேராகத் தெற்கே. அப்போதுதான் மற்றவர்களிடம், யாராவது அவருக்குப் போன் அடியுங்கள் என்றேன்.

சுங்கை பூலோவிலிருந்து மணியம்: "அக்கா, அங்கிள் போன் எடுக்கல. வீடு எங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு வருடம்! பிறகுதான் மணியத்துக்கு ஞாபகம் வந்தது: போன வருடம் அவருக்குக் காலால் விமானத்தைத் திருப்பும் பழைய பெடல் செட் ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார். பழைய மெசேஜ்களைத் தோண்டி அந்த முகவரியை எடுக்கப் பத்து நிமிடம்.

என் மகள் தாரணி ஆம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். மலாயில் விளக்கிக்கொண்டிருந்தாள்: சொந்தக்காரர் இல்லை, ஆன்லைனில் தெரிந்தவர், விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார், இல்லை, நிஜ விமானம் இல்லை. அந்தப் பக்கம் நம்பினார்களா தெரியாது. "வாம்மா, நாமளே போலாம்" என்று கார் சாவியை எடுத்தாள். வழியெல்லாம் அங்கிள் நம்பருக்கு அடித்துக்கொண்டே வந்தேன். "மூச்சு விடும்மா" என்றாள்.

போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் வாசலில். கேட் பூட்டு. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பூட்டை வெட்டினார். அங்கிள் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முதல் தடவையாக அந்த முகம். கம்ப்யூட்டரில் கடல் மட்டும். தரையில் கிடந்த ஹெட்செட்டில் மணியத்தின் குரல், சன்னமாக, விடாமல்: "அங்கிள், கேக்குதா? அங்கிள்?"

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், தமிழ்ப் பெண். "ஸ்ட்ரோக் எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? யாராச்சும் பார்த்தீங்களா?"

"மூணு பன்னண்டு."

"நிச்சயமாவா ஆன்டி?"

"எழுதி வச்சிருக்கேன்."

"அப்போ ரத்தக்கட்டியக் கரைக்கிற மருந்து போட நேரம் இருக்கு" என்று உள்ளே ஓடினாள். இருபது நிமிடம் நான் சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை.

ஜூன் 16, திங்கள்

வேலைக்கு லீவு. காய்ந்த துணி இன்னும் கொடியில்.

ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து அங்கிளின் மகன் கூப்பிட்டார். "நீங்க யாரு?" கன்ட்ரோலர் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு விளக்கினேன்.

"அப்பா இன்னும் அந்த கேம் விளையாடுறாரா? நான் நிறுத்திட்டாருன்னு நெனச்சேன். பத்து நிமிஷத்துல போரடிச்சிரும் எனக்கு." குரல் உடைந்தது. "நாளைக்கு வந்துர்றேன் அக்கா."

ஜூன் 19, வியாழன்

போய்ப் பார்த்தேன். உயிருக்குப் பயமில்லையாம். வலது கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு இல்லை. வரலாம், வராமலும் போகலாம். எனக்கு அவரிடம் தெரிந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

"அங்கிள்" என்றதும் கண் விரிந்தது. என் முகம் அவருக்குத் தெரியாது. இடது கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற அளவுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

மழை. நல்லவேளை, புகை குறைந்தது. இன்று மூன்று விமானிகள்.

கிளாங்கிலிருந்து ஓட்டும் தேவராஜ் கொஞ்ச நேரம் பதில் தரவில்லை. நான் எழுந்தே நின்றுவிட்டேன். "சாரிக்கா, டீ ஊத்துனேன்." யாரும் சிரிக்கவில்லை.

மணியத்தின் ஏற்பாடு: ஒவ்வொருவரும் வீட்டு முகவரியும், உடனே வரக்கூடிய ஓர் ஆளின் பெயரும் தர வேண்டும். நான்தான் பட்டியல் எழுதினேன். இரண்டு பேர் "யாரும் இல்ல, விடுங்க" என்றார்கள். என் பெயருக்கு எதிரே தாரணி என்று எழுதினேன். அவளுக்கு அடுத்த மாதம் முதல் ஜொகூரில் வேலை. "போட்டுக்கம்மா, எப்ப அடிச்சாலும் எடுப்பேன்." எடுப்பாள். வந்து சேர நாலு மணி நேரம், ஜாம் இல்லாவிட்டால். அவள் பெயரை அடித்துவிட்டேன்.

எதிர் ஃபிளாட்டில் ஒரு சீன ஆன்டி. ஒன்பது வருடமாக லிஃப்டில் தலையாட்டிக்கொள்வதோடு சரி. என் வீட்டு மாற்றுச் சாவியையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போனேன். கதவருகில் நின்று இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை மணியை அழுத்தினேன். கம்பிக் கதவுக்குப் பின்னால் அவர் முகம், பயந்துபோய்.

"ஆன்டி, உங்க பேரு என்ன?" என்று மலாயில் கேட்டேன்.